நாலு பழைய பிளக்குகள்

மெக்கானிக்கின் மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் கரி பிடித்து, முனை தேய்ந்து, பார்த்தாலே பாவமாக இருக்கும் நாலு ஸ்பார்க் பிளக்குகள். பத்து வருடமாக அவருக்குச் சோறு போடுபவை அவைதான்.

பிளக் மாற்றச் சொல்லி வரும் காரில் இருப்பதையே கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்ப மாட்டிவிடுவார். பழசு எங்கே என்று யாராவது கேட்டால் டப்பாவைத் திறந்து காட்டுவார். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் வண்டி ஓட்டினீர்களோ என்று உச்சுக்கொட்டவும் செய்வார். அவர் மனைவிக்கு இது துளியும் பிடிக்காது. ஒருநாள் வசமாக மாட்டத்தான் போகிறீர்கள் என்பாள்.

அன்று காலை அவர் பட்டறைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் சாம்பல் நிறக் காரை விட்டுப் போயிருந்தார். மனைவி வழக்கம்போல் என்ன வேலை, யார் வண்டி என்று சீட்டெழுதி முன்கண்ணாடியில் ஒட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். காரை ஒரு சுற்று சுற்றி, சீட்டைப் படித்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"காலைல எங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனாரே, பிளக் மாத்த. நான் கூட இருந்து பார்த்து எடுத்துட்டுப் போறேன். பழசையே தேய்ச்சு மாட்டற வேலையெல்லாம் இங்க நடக்குதாமே?"

அவள் அண்ணன் நுகர்வோர் கோர்ட்டில் வக்கீலாம். அதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தாள். நோட்டீஸ் ஒன்று வந்தால் போதும், பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஸ்டூலை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கழற்றக் கழற்ற, ஒவ்வொரு பிளக்கிலும் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். பிஸ்கட் டப்பாவுக்கு இனி வேலையில்லை. புதுசின் எண்ணைக் காரின் கையேட்டோடு ஒப்பிட்டாள். முதலில் காட்டிய செட் இந்த எஞ்சின் சூட்டுக்கு ஒத்துவராது என்று திருப்பிக் கொடுத்து, புத்தகத்தில் இருப்பதையே எடுக்க வைத்தாள். முனையின் இடைவெளியை இரண்டு தடவை அளக்கச் சொன்னாள்.

கடைசி பிளக்கையும் இறுக்கி, எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியபோது அவருக்கே சந்தோஷமாக இருந்தது. ஒழுங்காக ஒரு வேலை செய்து எத்தனை காலமாகிறது என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்தாள். "நல்லா செஞ்சீங்கண்ணே. நாலு பேர்கிட்ட சொல்றேன்."

அவரே சாவியை எடுத்துக் கொடுத்து, கேட்டைத் திறந்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கக் கையும் காட்டினார். பழைய பிளக் பொட்டலத்தை அவள் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் பிஸ்கட் டப்பா குப்பைக்குப் போனது. இனி தில்லுமுல்லே கிடையாது என்று அவர் சத்தியம் செய்தபோது மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மணிக்கு ஒரு தம்பதி உள்ளே நுழைந்தார்கள்.

"என்னங்க, காலைல சாம்பல் கார் விட்டது இவர்தான். பிளக்கை மறந்துட்டாங்கன்னீங்களே, அதுக்கு வந்திருப்பாங்க" என்றாள் மனைவி.

மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாகப் பொட்டலத்தோடு வந்தார். வந்தவரின் பக்கத்தில் நின்ற அம்மாளைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"இவ என் வீட்டுக்காரி. ரொம்பக் கறார்" என்றார் வந்தவர்.

"மொதல்ல பழைய பிளக் நாலையும் கண்ணுல காட்டுங்க. உங்களை மாதிரி ஆளுங்களை நம்ப முடியாது" என்றாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் பொட்டலத்தைப் பிரித்தார்.

சிவப்புப் புள்ளியோடு நாலு பிளக்கும் பத்திரமாக இருந்தன, கார்தான் இல்லை.