புள்ளிகள் எங்கே?

"மாமோகிராம்ல உப்பைத் தூவின மாதிரி அத்தனை வெள்ளைப் புள்ளி இருக்கு. உன் கண்ணாடித் தகட்டுல ஒண்ணுகூட இல்லை. எங்கேடா போச்சு?"

அக்கா, மார்பக எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் டாக்டர். தம்பி, ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்ப்பு எழுதும் டாக்டர். ஒரே மருத்துவமனை, அவள் மாடியில், இவன் கீழே.

"சதையில புற்று இல்லைன்னு எழுதியாச்சு. நீ பாக்குறது நிழல். நான் பாக்குறது நிஜம்."

"நிழல் விழுந்தா அதுக்கு ஒரு பொருள் இருக்கணும்ல? ரெண்டும் ஒத்துப்போகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பாவம், அந்தம்மா நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமேக்கா."

"அந்த நிம்மதி யாருக்கு வேணும்?"

விடாக்கண்டனுக்கே அக்கா முறையானவள் அவள். 'அந்தம்மா' யாரென்று தம்பிக்குத் தெரியாது. படத்திலும் தகட்டிலும் எண் மட்டுமே இருக்கும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்று அக்காவே கொண்டுவந்த விதி அது.

மேசைமேல் இருந்த மெழுகுக் கட்டியை அவள் எடுத்தாள். சதைத் துணுக்கைப் பதித்து, தகட்டுக்காக மெல்லிதாகச் சீவுவது அதிலிருந்துதான்.

"வா, இதையே எக்ஸ்ரே எடுப்போம்."

"மெழுகுக்கு எக்ஸ்ரேயா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா பல்லு சுளுக்காது. வா."

கட்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதன் அடியாழத்தில், உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தம்பியோ மேலாகச் சீவியதோடு நிறுத்தியிருந்தான்.

ஆழமாகச் சீவி, சாயமேற்றி, மறுநாள் நுண்ணோக்கியில் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. அக்கா நாற்காலியின் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

"நீ ஜெயிச்சுட்டேக்கா. புற்றுதான். ஆனா பால்குழாயைத் தாண்டி வெளிய வரலை. முளையிலேயே பிடிச்சுட்டே. எடுத்துட்டா பிழைச்சுக்கலாம்."

அக்கா மெல்ல மூச்சு விட்டாள்.

"ஒண்ணு மட்டும் கேளு. அந்தம்மாகிட்ட பக்குவமாச் சொல்லு. உன் வழக்கப்படி பட்டுன்னு போட்டு உடைச்சிடாதே."

அக்கா அவன் தோளில் கை வைத்தாள்.

"நீதான் இப்பவே எங்கிட்ட பட்டுன்னு போட்டு உடைச்சிட்டியேடா."