காகிதத்து மச்சான்

உங்கள் மனைவிக்குத் தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று அதிகாரி கேட்டார்.

ஒன்றரை என்றார் டெய்லர், யோசிக்காமல்.

ஒன்றரைதான். நான் சொல்லிக்கொடுத்தது.

அவருக்குப் பக்கத்தில், தோளுக்கும் தோளுக்கும் நாலு விரல் இடைவெளியில், என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம், மூன்றாவது நாற்காலியில். மேசைமேல் இருந்த கோப்பில் அவள் டெய்லரின் மனைவி. நான் அவளுடைய அண்ணன்.

ஏற்பாடு என்னுடையதுதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

டெய்லரின் அக்கா இந்த நாட்டுக் குடிமகள். தம்பியையும் தம்பி மனைவியையும் வரவழைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. எல்லைக்கு முந்தைய ஊரில், ஒரு லாரிக் கொட்டகையில் அந்தத் தையல்காரரைப் பார்த்தபோது அவர் கையில் அக்கா அனுப்பிய அழைப்புக் காகிதம் இருந்தது. இரண்டு பெயர், ஒரே ஆள். படம்கூடக் கிடையாது. மனைவி ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரு பெயர் சும்மா கிடக்கிறது என்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

எங்களிடம் துண்டுக் காகிதமும் இல்லை. திரும்பிப் போனால் எங்கள் வீடு இருந்த தெருவே இல்லை. ஒருத்தியாவது பிழைக்கட்டும் என்று அவளை அந்தப் பெயருக்குள் ஏற்றிவிட்டேன். டெய்லர் மாட்டேன் என்றுதான் சொன்னார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

எல்லையில் பிடிபட்டதும் எங்களைப் பிரித்தார்கள். எனக்கு ஆண்கள் பகுதி, எண்பது பேரோடு. அவர்களுக்குக் குடும்பப் பகுதியில் தனி அறை. கட்டில் இரண்டு இருக்கிறது என்று அவளாகவே சொன்னாள். எத்தனை கட்டில் என்று நான் கேட்கவே இல்லை.

முற்றத்தில் நடக்கவிடும் ஒரு மணி நேரத்தில் டெய்லருக்குப் பாடம் எடுத்தேன். ஏழு வாரம். இடது முழங்காலில் தழும்பு, சைக்கிளிலிருந்து விழுந்தது. சுவர்ப்பக்கம்தான் படுப்பாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், பாத்திரம்தான் கத்தும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முழங்கால் தழும்பைச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டார். காவலர்கள் காதில் விழுந்தால் வம்பு, மச்சான் என்று கூப்பிடுங்கள் என்று நானே திருத்தினேன். இரண்டே நாளில் அவர் வாயில் அது சரளமாக வந்துவிட்டது. எனக்குத்தான் மாப்பிள்ளை என்ற சொல் ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்கியது.

நேற்று அவளைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இன்று அவர் முறை. பெண் கொடுக்கிற வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். தழும்பு, சுவர்ப்பக்கம், பாத்திரம் எல்லாவற்றுக்கும் டெய்லர் சரியாகச் சொன்னார். ஒன்றிலாவது தடுமாறித் தொலையட்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதை மறைப்பானேன்? தடுமாறினால் மூன்று பேரையும் திருப்பி அனுப்ப ஒரே விமானம். அது தெரிந்துதான் ஆசைப்பட்டேன்.

அதிகாரி கோப்பை மூடினார். பிறகு, எழுதி வைத்திருந்த கேள்விகளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். வேறு யாரும் கவனித்திராத, அவளைப் பற்றிய ஒரு விஷயம்.

இது பாடத்தில் இல்லை.

டெய்லர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்கத்துல பேசுவா. என்ன பேசுறான்னு புரியாது. நெத்தியில கை வெச்சா அடங்கிடுவா. கைய எடுத்தா மறுபடியும் ஆரம்பிச்சிடுவா.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது.

எனக்குக் கோழித்தூக்கம். பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தால் எழுந்து உட்காருவேன். ஒன்பது வருடம் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஒருநாள்கூட அவள் தூக்கத்தில் பேசியதில்லை.

இப்போது பேசுகிறாள். நெற்றியில் கை வைக்கவும் ஆள் இருக்கிறது.

அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அண்ணனாயிற்றே, ஒரே வீட்டில் வளர்ந்தவராயிற்றே, இது உண்மையா?

இல்லை என்ற ஒரு சொல் போதும். நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது.

“ஆமா சார், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்றேன்.

முத்திரை குத்தினார்கள். அவர்கள் இருவரும் இன்றே வெளியே போகலாம். எனக்கு வியாழக்கிழமை விமானம்.

நடைபாதையில் எங்களைப் பிரிக்கும் கதவு வரை ஒன்றாக நடக்கவிட்டார்கள். அவள் காவலரோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் டெய்லரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அவ தூக்கத்துல பேசுறது உமக்கு எப்படிய்யா தெரியும்?”

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“அது உங்க வீட்டம்மா இல்ல மச்சான். என் வீட்டம்மா. போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. திடுதிப்புனு கேட்டாங்களா, எனக்கு அவதான் நெனப்புக்கு வந்தா.”

என் பிடி தானாகத் தளர்ந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காவலர் என்னை வலப்பக்கம் திருப்பிவிட்டார்.

வெட்கமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவளுடைய பையை அவர் வாங்கிக்கொண்டார். அவளும் கொடுத்துவிட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.