இன்னும் வரலைம்மா

"ஓசி! அந்த நாவலையெல்லாம் அள்ளி மேஜைக்கடியில போடு, சீக்கிரம்!"

கடைக்காரர் பதறிய பதறலில் போலீஸ்தான் வருகிறதோ என்று நினைத்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தது ஒரு வயதான அம்மா. கையில் ஒரு குடை, இடது புருவத்தில் ஏதோ பழைய தழும்பு.

ஓசி என்பது நான்தான். அந்தப் புத்தகக் கடையில் நின்றபடியே படித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்?

அந்த அம்மா படியேறுவதற்குள் நாவல் மொத்தமும் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது.

"அது வந்துடுச்சாப்பா?"

"இன்னும் வரலைம்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"அச்சடிக்கிற இடத்துலயே லேட்டும்மா. அதுவரைக்கும் இதைப் படிங்க. புதுசா எழுத வந்திருக்கிற பொண்ணு. வீட்டுக்குள்ள நடக்கிறதை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டுவந்துடுறா."

அம்மா வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் தொங்கிப்போனது.

"நீ குடுக்கிறதெல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது. சுத்தமா தெரியாமப் போறதுக்குள்ள அதை ஒரு தடவை படிச்சுடணும்."

"வந்ததும் சொல்றேம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் இவர்!

வாசலுக்கு நேரே அவருடைய சிபாரிசு மேஜை. இப்போது எழுதுகிறவர்களில் தனக்குப் பிடித்ததை மட்டும் அதில் வைப்பார். ஒவ்வொன்றிலும் கைப்பட எழுதிய ஒரு சீட்டு. 'முதல் பத்துப் பக்கம் பல்லைக் கடிச்சுக்கோங்க, அப்புறம் கீழே வைக்க மாட்டீங்க', 'மாமியாருக்குப் பரிசாக் குடுத்துடாதீங்க' என்று இப்படி. அவர் கையைக் காட்டினால் போதும், ஜனம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்.

மேஜைக்கடியில் போன நாவலின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'இந்த வருஷம் நான் படிச்சதுலயே இதுதான் உசத்தி. பையனோட பள்ளிக்கூடத்துக்காக, வேலை பார்த்த வீட்டுல ஷூ திருடி மாட்டிக்கிற ஒரு அம்மாவோட கதை. படிச்சா தூக்கம் போயிடும்.'

"ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்றீங்க. அந்த அம்மாவுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பாதி."

"மீதியையும் படி. அப்புறம் பேசு."

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் அந்த நாவலை எழுதியவரே கடைக்கு வந்தார், கூடவே இரண்டு ரசிகர்கள். சீட்டைப் படித்ததும் எழுத்தாளருக்கு வாயெல்லாம் பல்.

"இதுல ஒரு வரி கூடக் கற்பனை இல்லைங்க. அத்தனையும் நடந்தது. உண்மையை எழுதுறதுக்கு நான் யாருக்கும் பயப்படுறவன் இல்லை."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், இந்த நாவலைக் கேட்டு ஒரு வயசான அம்மா வாராவாரம் நடையா நடக்கறாங்க. இவர் ஒளிச்சு வெச்சுட்டு, இன்னும் வரலைன்னு சொல்லி அனுப்பிடறார்" என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எழுத்தாளர் முகம் சிவந்துவிட்டது.

"வெளியில புகழ்ந்து சீட்டு, உள்ளுக்குள்ள இந்த வேலையா?"

"விடுங்க சார். அது வேற விஷயம்."

"என்ன பெரிய வேற விஷயம்? என் வாசகருக்கும் எனக்கும் குறுக்கே நிக்க நீங்க யாரு? வயசானவங்கன்னு கூடப் பார்க்காம பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லை? நீங்க என் புக்கை விக்கவே வேண்டாம். எல்லாத்தையும் கட்டுங்க, எடுத்துட்டுப் போறேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மெல்ல எழுந்து எழுத்தாளரை ஓரமாக, நான் நின்ற அலமாரிப் பக்கம் அழைத்து வந்தார். ரசிகர்கள் காதில் விழக் கூடாது என்றோ என்னவோ, குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசியில அந்த ஷூ திருடின அம்மாவைத் தெருவுல வெச்சு அடிப்பாங்களே சார். இடது புருவம் கிழிஞ்சு தழும்பாயிடும்னு எழுதியிருக்கீங்க. இங்க வர்ற அம்மாவுக்கும் அதே இடத்துல தழும்பு இருக்கு."

எழுத்தாளர் ரசிகர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"'என் புள்ளை எழுதினது, என்னைப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருப்பான்'னு ஆசையாக் கேக்கறாங்க. புக்கு இன்னும் அச்சாகி வரலைன்னு நீங்கதான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க. அந்தப் பொய்யைத்தான் சார், நானும் காப்பாத்திக்கிட்டு வரேன்."