யார் அந்தத் திருவேங்கடம்?

"வெட்கமா இல்லையாம்மா உனக்கு?"

இந்துஜாவின் எம்.ஏ. ஆய்வேட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார் பேராசிரியர் பார்த்தசாரதி. பவானிபூரில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவர். ஏஐ-யைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று ஊரெல்லாம் போய்ப் பேசுகிறவர். பேச்சுக்குப் பேச்சு சால்வை வேறு.

"என்ன சார் தப்பு?"

"ஏஐ எழுதிக் கொடுத்ததை உன்னுதுன்னு நீட்டறியே, அதுதான். நீயும் தமிழ், நானும் தமிழ், கண்டுக்காம விட்டுடுவேன்னு நினைச்சியா?"

"இல்ல சார். கிடர்பூர் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த தமிழர்களைப் பத்தி, ஆறு மாசம் அங்கேயே அலைஞ்சு நானே எழுதினது."

"அப்ப இது என்ன? 'துறைமுகம் என்பது வெறும் துறைமுகம் அல்ல. அது கனவுகளின் நுழைவாயில்.' மனுஷன் எழுதுவானா இப்படி?"

"அது மேற்கோள் சார்..."

"அதான் பெரிய அக்கிரமம். 'திருவேங்கடம், பி.'ன்னு ஆதாரம் வேற. யாரு அந்தத் திருவேங்கடம்? முப்பது வருஷமா இந்த சப்ஜெக்ட்ல இருக்கேன், அப்படி ஒரு ஆளே கிடையாது. தமிழர் விஷயம்னதும் ஏஐ ஒரு தமிழ்ப் பேரை இட்டுக்கட்டிப் போட்டிருக்கு."

இந்துஜா பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சார், அதை நான்..."

"பேசாதே. ஏட்டை ரத்து பண்ணச் சொல்லிப் பிரின்ஸிபாலுக்கு எழுதியாச்சு. ஒரு வருஷம் வீணாப் போனாத்தான் உனக்குப் புத்தி வரும்."

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பிறரைத் தண்டிக்கும்போது அவர் முகத்தில் தனிக் களை வந்துவிடும்.

இந்துஜா தன் போனில் அந்த மேற்கோள் வந்த கட்டுரையைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஆன்லைன் பாரத்துல குடும்பப் பேர் கேட்டா, நாமெல்லாம் அப்பா பேரைத்தானே சார் போடுவோம். ஆதாரப் பட்டியல்ல அதுவே முன்னால வந்து, நம்ம பேர் வெறும் இனிஷியலாயிடுது. பி. திருவேங்கடம்னா பார்த்தசாரதி திருவேங்கடம். நீங்கதான் சார். உங்க கட்டுரைன்னுதான் மரியாதைக்கு மேற்கோள் காட்டினேன்."

போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் கல்லூரி, அவர் போட்டோ. போன வருஷம் பதவி உயர்வுக்குக் காட்டிய கட்டுரையேதான்.

"மெஷின் எழுதினதுன்னு சொல்றீங்களே, அந்த மேற்கோளை எடுத்துடட்டுமா சார்?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, பேராசிரியர் தன்னுடைய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக.