எவர்சில்வர் டப்பா

மொட்டைமாடியில் காந்தா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

"காந்தா! என் தறியில முகூர்த்தப் பொடவ ஓடிக்கினு இருக்குது. பொண்ணு கருவாட்டு வாசனையோட மணையில ஒக்காரணுமா?"

ஜெயம்மாளின் குரல் சன்னலைத் தாண்டி மாடிக்கு ஏறி வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க ஜெயம்மா. அவருக்கு வருசப் படையல்."

தறி மறுபடி மெதுவாக ஓடத் தொடங்கியது.

கூனி இறால் பொடி, நசுக்கிய பூண்டு, மத்தி எண்ணெய், வறுத்த சோம்பு, கல்லுப்பு. எல்லாம் வெயிலில் ஊறிப் பழுப்பாகக் குழைந்திருந்தது. இரையில் சோப்பு வாசனை பட்டால் மீன் ஒதுங்கிவிடும் என்று அவள் புருஷன் குரு சொல்வார். அதனால் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவள் பாட்டிலைத் தொட்டிருந்தாள்.

எதிரில் கமல் குந்தியிருந்தான். பைக் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் குருவோடு பாலாற்று முகத்துவாரத்துக்குத் தூண்டில் போடப் போகும் கூட்டத்தில் இளையவன்.

குரு போனதிலிருந்து அங்கே யாருக்கும் உருப்படியாக ஒரு மடவை மீன் மாட்டவில்லை. கடையில் விற்கும் சென்ட்டையெல்லாம் இரையில் பூசிப் பார்த்தார்கள். நண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு சாயங்காலம் அவர் பேரைச் சொல்லித் தூண்டில் போடப் போகிறார்கள். இன்றைக்காவது மீன் வரவேண்டும். 'அவரு பக்குவம் எனக்குத் தெரியும், நான் கலந்து தர்றேன்' என்று அவளேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். எத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறாள்.

கமல் விரலைத் தோய்த்து முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"முக்காவாசி அண்ணன்தான். ஏதோ ஒண்ணு கொறையுது அண்ணி."

"பூண்டா?"

"இல்ல."

"சோம்பு பத்தலியா?"

"அதில்ல அண்ணி. எப்டி சொல்றது... கோயிலுக்குள்ள போனா வருமே, அது மாதிரி."

"கருவாட்டுல ஏதுப்பா கோயிலு!"

அவனுக்கே சிரிப்பு வந்தது. பிறகு சொன்னான். அந்த ஒன்றை மட்டும் குரு கரையில்தான் கலப்பார். சவுக்குத் தோப்புக்குள் தனியாகப் போவார். திரும்பி வரும்போது இரை உருண்டை உருண்டையாகத் தயாராக இருக்கும். கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்.

காந்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று அந்தப் பாட்டிலுக்குள் இல்லாமல் இருந்தது.

"சரி, கீழ வா. படையலைக் கும்பிட்டுக் கெளம்பு."

கூடத்தில் குருவின் படம். படத்துக்கு முன்னால் இலை. இலையில் வடை, பாயசம், வாழைக்காய் வறுவல். நடுவில், அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் டப்பா.

மூங்கில் கூடையில் வேகவைக்கும் குடலை இட்லி அவளுடைய தொழில். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெரு காலையில் அவளிடம்தான் வாங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் குடலையிலிருந்து கவிழ்க்கும் முதல் இட்லி யாருக்கும் கிடையாது. சுடச்சுட வில்லை போட்டு அந்த டப்பாவில் அடைத்துக் குருவிடம் கொடுப்பாள். சாயங்காலம் கழுவித் துடைத்த டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார்.

"ஒண்ணுகூட மிச்சம் இல்ல காந்தா."

அதைவிட அவருக்குப் பிடித்ததாக வேறு எதை நடுவில் வைப்பது?

கமல் கைகூப்பிக் கண்ணை மூடினான். திறந்தான். இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, மீன் மாவு டப்பாவ எதுக்கு அண்ணன் படத்தாண்ட வெச்சிருக்கீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து மூடியை எடுத்தாள்.

சுக்கும் மிளகும் சீரகமும் பெருங்காயமும் நெய்யோடு சேர்ந்து ஆவியாக எழுந்தன.

கமலின் மூக்கு விடைத்தது. கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் டப்பாவை மூடினாள்.

"அப்ப அங்க போனா அவரு என்னதான் சாப்பிடுவாரு?"

கமல் தலையைச் சொறிந்தான்.

"பூரி அண்ணி. பாலத்தாண்ட ஒரு கடை இருக்குது. ரெண்டாவது வாட்டி கெழங்கு வெக்கலன்னா கடைக்காரரோட சண்டையே போடுவாரு."

எப்போதோ ஒரு தடவை அவள் கேட்டிருக்கிறாள், நாளைக்கு வேறு ஏதாவது கட்டித் தரட்டுமா என்று. உன் இட்லி இருக்கும்போது வேறு எதற்கு என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படத்தில் குரு ஒன்றும் தெரியாதவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

காந்தா டப்பாவையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். இட்லியைத் தாம்பாளத்தில் உதிர்த்து, பாட்டிலைக் கவிழ்த்து, தன் கையாலேயே பிசைந்தாள். நன்றாக உருண்டது. உருண்டைகளை அதே டப்பாவில் அடுக்கி மூடி கமலிடம் கொடுத்தாள். வாங்கி மோந்து பார்த்தவனின் கண் கலங்கிவிட்டது.

"இதான் அண்ணி. அண்ணனேதான்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வாசலில் கமல் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"அண்ணி, கற்பூரம் ஏத்திட்டீங்கன்னா கும்பிட்டுக் கெளம்பிடுவேன். தண்ணி ஏர்றதுக்குள்ள போவணும்."

"வண்டிய நிறுத்துப்பா."

கோதுமை மாவுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, வாணலியை அடுப்பில் ஏற்றினாள்.

"அவரு இன்னும் சாப்பிடல."