சும்மா இருக்கிற நேரம்

இன்றைக்கு விடுவதாக இல்லை அவள்.

காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்தாயிற்று. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள இப்போது மாதம் பதிமூன்றாயிரம். இனிமேல் பதினாறு. கொடுத்தால் இருப்பது, இல்லையென்றால் மாதக் கடைசியோடு நின்றுவிடுவது.

பாப்பாவை விட்டுப் போக மனசு வராதுதான்.

வராவிட்டால் என்ன?

போன தீபாவளிக்கும் இப்படித்தான் கேட்டாள். “நீங்க எங்க வீட்டு மனுஷி, சகாயக்கா” என்று சொல்லி, பாப்பாவின் அம்மா மதுமிதா ஒரு புடவையைக் கையில் கொடுத்துக் கண் கலங்கினாள். இவளும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல புடவைதான், யார் இல்லை என்றது? வாடகைக்கு அதையா கொடுக்க முடியும்?

இன்றைக்குக் கேட்ட நேரம்தான் கொஞ்சம் பிசகு. சனிக்கிழமை மதியம். பாப்பா அப்போதுதான் அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

அதனால் பேரம் முழுக்கக் குசுகுசுவென்று நடந்தது.

சோபாவில் மதுமிதா. பக்கத்தில் அவள் கணவன் பிரசன்னா, மடியில் லேப்டாப்போடு. எதிரே நாற்காலியில் இவள், பதினாலு மாதப் பாப்பாவோடு. திருட வந்த வீட்டில் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

பிரசன்னா யோசித்து வைத்திருந்தான். பாப்பா பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறது. கேட்டதைத் தரலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் சமையலைப் பார்த்து, துணியையும் மடித்து வைத்துவிட வேண்டும்.

“அப்ப நீங்க சும்மாதானேக்கா இருக்கீங்க?” என்றாள் மதுமிதா.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சும்மா.

அடேயப்பா.

இந்தப் பாப்பா பகலில் தொட்டிலில் தூங்காது. மெத்தையில் போட்டால் அடுத்த நிமிடம் வீலென்று கத்தும். தோள்தான் வேண்டும், அதுவும் இடது தோள். உட்காரலாம், அசையக் கூடாது. வருகிற தும்மலை அடக்க வேண்டும். பாத்ரூம் போவதையும் அடக்க வேண்டும். ஆபீஸ் போகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

எடுத்துச் சொல்லலாம். சொன்னால் குரல் உயரும், பாப்பா எழுந்துகொள்ளும்.



அவள் எழுந்து போய் மதுமிதாவின் இடது தோளில் பாப்பாவை அலுங்காமல் சாய்த்தாள். ஒரு கையை எடுத்துத் தலைக்குப் பின்னால் வைத்தாள். இன்னொரு கையை முதுகில் வைத்தாள்.

“நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க மேடம். நான் சாப்ட்டு வந்துடறேன்.”

அடுக்களையில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். வேலை போனாலும் போகும். போனால் போகட்டும் என்று முதல் வாயை அள்ளிப் போட்டாள்.

ஹாலில் மேஜை மேல் போன் அதிர்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

“ஃபேனைக் கொறைங்க.”

“ஷ்ஷ்.”

“கால் மரத்துப்போச்சு.”

“ஷ்ஷ்!”

மோர் சாதம். எலுமிச்சை ஊறுகாய். இந்த வீட்டில் இரண்டு கையும் காலியாக இருந்து, உட்கார்ந்து சாப்பிட்டது அவளுக்கு நினைவே இல்லை. அவசரப்படாமல் சாப்பிட்டாள். பாக்ஸைக் கழுவினாள். மூடியையும் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள்.

திரும்பி வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மதுமிதா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை, தோளில் பாப்பாவின் எச்சில். பிரசன்னா லேப்டாப்பை மூடிவிட்டு, அவள் வாயருகே தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மதுமிதாவின் உதடு மட்டும் அசைந்தது.

“எவ்ளோ கேட்டீங்க அக்கா?”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாப்பாவை வாங்கக் கை நீட்டவில்லை.

“அப்ப கேட்டது பதினாறு மேடம். இப்ப பதினேழு. சமையல் கிடையாது.”

பிரசன்னா ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மதுமிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

மதுமிதா சரியென்று தலையாட்டப் போனாள். பாப்பா சிணுங்கியது.

தலை அப்படியே நின்றது. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள்.