ஒரே ஒரு பொம்மை

இரு நாடுகளின் கடல் பாதுகாப்புத் திட்டங்களும் கைகோத்து நடத்திய முதல் மீட்பு ஒத்திகை அது. ஆளுக்குப் பதிலாக, லைஃப் ஜாக்கெட் மாட்டிய ஒரு பொம்மையைக் கடலில் போட்டிருந்தார்கள். கரையில் வயர்லெஸ்ஸும் கையுமாக நின்ற அதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் லைஃப் ஜாக்கெட்டின் அவசியம் பற்றிப் பேசவிருக்கும் நம் திட்டத்தின் டைரக்டரே நம் படகில் ஏறியிருந்தார்; பக்கத்து நாட்டுப் படகு முந்திக்கொண்டால் மானம் போய்விடும்.

"பொம்மையைத் தூக்கிட்டோம் சார்," என்றது நம் படகு.

அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறு நிமிடமே, "நாங்களும் தூக்கிட்டோம்," என்றது பக்கத்து நாட்டுப் படகு.

"கதை விடாதீங்க. போட்டதே ஒரு பொம்மைதான்."

"அதான் எங்களுக்கும் புரியல சார். எங்க பொம்மைக்கு லைஃப் ஜாக்கெட்டே இல்ல. சாயங்காலம் பேச வேண்டிய பேச்சு நனைஞ்சு போச்சுன்னு உங்க ஆளுங்களைத் திட்டிக்கிட்டே இருக்கு."